காசு போட்டால் பாட்டுப் படம்: சவுண்டிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜாஸ் வீடியோக்களைத் தேடிக்கொண்டே போகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த மூன்று நிமிடக் கறுப்பு வெள்ளைப் படங்களில் வந்து நிற்பார்கள். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் ட்யூக் எலிங்டன் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பார், பின்னால் அட்டையில் செய்த செட், திடீரென்று நாலைந்து ஜோடிகள் பாய்ந்து வந்து ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு ஆடுவார்கள், படம் முடிந்துவிடும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இது எந்த சினிமாவில் வந்த காட்சி என்று கீழே யாராவது கேட்டிருப்பார்கள். எந்த சினிமாவிலும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

சவுண்டிஸ் என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1940 முதல் 1947 வரை அமெரிக்காவில் பார், ஹோட்டல் வரவேற்பறை, பஸ் நிலையம், சாப்பாட்டுக் கடை மாதிரியான இடங்களில் பனோராம் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும். அந்தப் படங்களுக்குத்தான் சவுண்டிஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் சுமார் மூன்று நிமிடம். மொத்தம் 1,800-க்கும் மேல் எடுத்தார்கள். அப்போது டி.வி. இன்னும் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் புரியும்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருந்தது?

ஆளை விட உயரமான மரப்பெட்டி. மேல் பாதியில் திரை, அகலம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. கீழ் பாதியில் ஒரு 16 எம்.எம். புரொஜெக்டர், ஸ்பீக்கர், காசு விழும் பெட்டி. புரொஜெக்டரிலிருந்து கிளம்பும் ஒளி உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, திரையின் பின்பக்கம் போய் விழும். நாம் முன்பக்கம் நின்று பார்ப்போம். இப்படி மடக்கி அனுப்பினால்தான் படம் பெரிதாக விழுவதற்கு வேண்டிய தூரம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் கிடைக்கும்.

கண்ணாடியில் பட்டால் இடம் வலம் மாறிவிடும் அல்லவா? அதற்காகப் பிரதி போடும்போதே இடவலம் மாற்றிப் போட்டார்கள். ஆகவே அசல் சவுண்டிஸ் பிரதி ஒன்றைச் சாதாரண புரொஜெக்டரில் மாட்டினால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். இது ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் கடைசிக் கேள்விக்கு வரும்போது உதவும்.

ஃபிலிம் சுருளுக்கு முனையே கிடையாது. எட்டுப் படங்களை வரிசையாக ஒட்டி, தலையையும் வாலையும் சேர்த்து ஒரே வளையமாக்கி உள்ளே விட்டிருப்பார்கள். ஒரு படம் முடிந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். அடுத்த காசு விழுந்தால் அடுத்த படம். ரீலைத் திருப்பிச் சுற்ற ஆள் வேண்டாம். பார்க்காரருக்கு இருந்த ஒரே வேலை காசை எடுப்பதுதான்.

அப்படியென்றால் பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாதா?

முடியாது. இந்த மெஷினின் கதையே இங்கேதான் இருக்கிறது. ரெக்கார்டு பாடும் காசுப் பெட்டியான ஜூக்பாக்ஸில் 5 சென்ட் போட்டு வேண்டிய ரெக்கார்டை அழுத்தலாம். பனோராமில் அதைப்போல இரண்டு மடங்கு காசு போட்டும் வரிசையில் அடுத்தது எதுவோ அதுதான் வரும். நீங்கள் கேட்க ஆசைப்பட்டது ஜாஸ் பியானோக்காரர் ஃபேட்ஸ் வாலரை, அவர் ஏழாவது இடத்தில் இருக்கிறார், இப்போது ஓடி முடிந்தது முதல் படம் என்றால், இடையில் ஒரு போல்கா, ஒரு ஹவாய் கிட்டார், ஒரு கௌபாய் பாட்டு எல்லாவற்றுக்கும் காசு அழுதுவிட்டுத்தான் அவரிடம் போக முடியும். இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் காசு போடும்வரை காத்திருக்க வேண்டும். அநேகம் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: ஒருவர் காசு போட்டால் கடையில் இருக்கும் அத்தனை பேரும் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

வாரம் ஒரு புது ரீல் வரும், எட்டுப் புதுப் படங்களோடு. பழைய ரீல் அடுத்த ஊருக்குப் போகும்.

இதை யார் ஆரம்பித்தது? ஜனாதிபதியின் மகனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. பெட்டியைச் செய்தது சிகாகோவில் இருந்த மில்ஸ் நாவல்டி கம்பெனி. சூதாட்ட ஸ்லாட் மெஷின், எடை பார்க்கும் மெஷின், தானாக வயலின் வாசிக்கும் மெஷின் என்று காசு போட்டால் ஏதாவது செய்கிற சாமான்கள்தான் அவர்கள் தொழில். அவர்களோடு 1940-ல் கூட்டுச் சேர்ந்தவர் அப்போதைய ஜனாதிபதி ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட். அந்தப் பெயர் ஒன்றுக்காகவே பத்திரிகைகள் இந்த மெஷினைப் பற்றி எழுதித் தள்ளின. அந்த வருஷக் கடைசியிலேயே அவர் மரைன் படைப் பணிக்குப் போய்விட்டார். பாட்டெழுதுபவரான சாம் காஸ்லோ ஹாலிவுட் பக்கத்துத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார், நியூயார்க்கில் மினோகோ என்ற கம்பெனி தனியாக எடுத்தது. பிற்பகுதியில் வில்லியம் ஃபாரஸ்ட் க்ரவுச் என்பவர்தான் ஏராளமான படங்களைத் தயாரித்துக் குவித்தார்.

பாட்டை அங்கேயே பாடித்தான் படம் எடுத்தார்களா?

இல்லை. நம் சினிமாவில் பாட்டு எடுக்கிற முறைதான். முதலில் பாட்டை ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள், பிறகு செட்டில் அதை ஓடவிட்டு வாயசைப்பார்கள், கருவியை வாசிப்பதுபோல் பாவனை செய்வார்கள். பாவனையில் கவனம் குறைந்த இடங்கள் நிறைய. டிரம்ஸ்காரரின் கை ஒரு பக்கம் போகும், சத்தம் இன்னொரு பக்கம் வரும். ஒலிப்பதிவில் வாசித்தவரும் படத்தில் கருவியைப் பிடித்திருப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பதும் உண்டு, ஜாஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

ஒரே நாளில் பல படங்கள் எடுத்து முடித்துவிடுவார்கள். செலவு அவ்வளவு குறைவு. ஒரே சோபா, ஒரே படிக்கட்டு, ஒரே காகிதப் பனைமரம் திரும்பத் திரும்ப வருவதைக் கொஞ்சம் படங்கள் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாமே ஜாஸ்தானா?

இன்று நாம் தேடிப் பார்ப்பது ஜாஸ் என்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் ரீலில் எல்லாமே கலந்து வரும். நாட்டுப்புறப் பாட்டு, லத்தீன் ரும்பா, ஐரிஷ் பாட்டு, போல்கா, காமெடி, சர்க்கஸ் வித்தை. பாட்டே முக்கியமில்லாமல் நீச்சல் உடைப் பெண்களைக் காட்டுவதற்கென்றே எடுத்தவையும் ஏராளம், இடம் பார் என்பதை மறக்கக் கூடாது. இதனால் சில மாநிலங்களின் தணிக்கைக் குழுக்கள் வாரா வாரம் இந்த ரீல்களையும் பார்த்து வெட்டின. நிறைய படங்கள் சுமார் ரகம், இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும். காமெடி இசை வாசித்த ஸ்பைக் ஜோன்ஸ் குழுவின் கிறுக்குத்தனங்கள் விதிவிலக்கு.

கறுப்பினக் கலைஞர்களுக்கு இதில் முக்கிய இடம் இருந்தது என்கிறார்களே, எப்படி?

நான் இந்தப் படங்களைப் பார்ப்பதே இதற்காகத்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அன்றைய ஹாலிவுட்டில் கறுப்பினப் பாடகர் ஒருவர் பெரிய படத்தில் வந்தால், கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு பாட்டுக் காட்சியில் வந்து போவார். தென் மாநிலத் தியேட்டர்களில் அந்தக் காட்சியை மட்டும் கத்தரித்து எடுத்துவிடலாம், கதை அறுபடாது. லீனா ஹார்னுக்கு எம்.ஜி.எம். படங்களில் நடந்தது இதுதான். மற்றபடி வேலைக்காரி, சமையல்காரர், ரயில் போர்ட்டர் வேஷம்.

சவுண்டிஸ் கம்பெனிக்கோ வாரம் எட்டுப் படம் வேண்டும். யாராவது வந்து பாடியாக வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும். பெரிய வெள்ளைக்கார நட்சத்திரங்கள் இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார்கள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், லாஸ் ஏஞ்சலஸில் கிளப்களில் அசத்திக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். மொத்தப் படங்களில் சுமார் 300 கறுப்பினக் கலைஞர்களை வைத்து எடுத்தவை. ஆறில் ஒன்று. அந்தக் கால ஹாலிவுட் கணக்கோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது.

அப்புறம் அந்த வளைய ரீல். தேர்ந்தெடுக்க முடியாது என்று மேலே குறை சொன்னேன் அல்லவா? அந்தக் குறையால்தான் வெள்ளைக்காரர்கள் மட்டும் குடிக்கும் பாரில் காசு போட்டவர் முன்னால் கவுண்ட் பேஸியும் கேப் காலோவேயும் வந்து நின்றார்கள். அவர் கேட்கவில்லை, வரிசையில் அடுத்தது அது. வாடிக்கையாளர் கையில் பொத்தான் இருந்திருந்தால் எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வியாபாரத்துக்குக் கேடாக இருந்த ஒரு கோளாறு இந்தக் கலைஞர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரும் திட்டமிட்ட நல்லெண்ணம் இல்லை இது, அதனால்தான் எனக்கு இன்னும் பிடிக்கிறது.

இரண்டு படங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது மேலே சொன்ன எலிங்டன் படம், 'ஹாட் சாக்லேட்', 1941. பாட்டு அவருடைய 'காட்டன் டெய்ல்'. பென் வெப்ஸ்டர் எழுந்து நின்று டெனர் சாக்ஸபோனில் தன் சோலோவை வாசிக்கிறார். முடிந்த கையோடு ஹார்லெமின் வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் குழு இறங்குகிறது. ஃபிராங்கி மேனிங், நார்மா மில்லர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். லிண்டி ஹாப் என்ற இந்த நடனத்தை இன்று உலகம் முழுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படிக்கிறார்கள்.

இரண்டாவது 'லெட் மீ ஆஃப் அப்டவுன்', 1942. டிரம்ஸ்காரர் ஜீன் க்ரூபாவின் குழு. பாடுகிறவர் அனிதா ஓடே, வெள்ளைக்காரர். பாட்டின் நடுவில் அவரும் கறுப்பின ட்ரம்பெட்காரர் ராய் எல்ட்ரிட்ஜும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிண்டலாகப் பேசிக்கொள்கிறார்கள், பேச்சில் இரண்டு பேரும் சமம். கடைசியில் 'ஊது ராய், ஊது' என்று அவர் உசுப்பேற்ற, எல்ட்ரிட்ஜ் ட்ரம்பெட்டைத் தூக்குகிறார். இப்போது பார்த்தால் சாதாரணமாக இருக்கும். 1942-ல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கறுப்பின ஆணும் இப்படிச் சிரித்துப் பேசுவதை ஹாலிவுட் பெரிய படத்தில் காட்டவே காட்டாது.

அப்படியானால் இனவெறி இல்லாத இடம் என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. தர்பூசணி, பருத்திக்காடு, காட்டுவாசி வேஷம் என்று கறுப்பினத்தவரைக் கேலி செய்த அந்தக் காலத்து அசிங்கங்கள் எல்லாமே இதிலும் இருக்கின்றன. லூயி ஆம்ஸ்ட்ராங் 1942-ல் செய்த நான்கு படங்களிலேயே அவர் வாசிப்பின் உயரமும் அவரைச் சுற்றிப் போட்ட செட்டின் கேவலமும் ஒன்றாக வரும். போர்க்காலத்தில் ஜப்பானியர்களை இழிவுபடுத்திய பாட்டுகளும் உண்டு. ஒரே ரீலில் மேலானதும் கீழானதும் அடுத்தடுத்து வருவதுதான் இதன் சுபாவம்.

பின்னாளில் பெரிய ஆளானவர்கள் யாராவது?

நிறைய பேர். டோரதி டான்ட்ரிட்ஜ் இதில் பத்துக்கு நெருக்கமான படங்கள் செய்தார். 'கௌ கௌ பூகி' (1942) படத்தில் கௌபாய் உடையில் வந்து கலக்குவார். பிறகு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ரிக்கார்டோ மொன்டல்பான், சிட் சாரிஸ், இன்னும் பிரபலமாகாத லிபராச்சி, லெஸ் பிரௌன் குழுவில் பாடிய டோரிஸ் டே எல்லோரும் உண்டு. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1941-ல் லக்கி மில்லிண்டர் குழுவோடு பாடியவை தனியாகச் சொல்ல வேண்டியவை, ராக் அண்ட் ரோலின் மூல ஊற்றுகளில் ஒருவரை இளமையில் பார்க்கலாம்.

இதை விளம்பரமாக நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் பாடகரும் சாக்ஸபோன்காரருமான லூயி ஜோர்டன். 1945-ல் 'கால்டோனியா' என்ற சிறு படத்தை எடுத்து, அதைத் தியேட்டர்களிலும் ஓடவிட்டு, அதிலிருந்த பாட்டுகளைத் தனித்தனி சவுண்டிஸாகவும் விட்டார்கள். பாட்டுக்குப் படம் எடுத்தால் ரெக்கார்டும் கச்சேரி டிக்கெட்டும் விற்கும் என்ற கணக்கு அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஃபேட்ஸ் வாலர் நான்கே நான்கு படங்கள் செய்தார், 1943 டிசம்பரில் இறந்துபோனார். புருவத்தை ஏற்றி இறக்கி அவர் பாடும் அழகைப் பார்க்க நமக்குக் கிடைத்திருப்பவை கொஞ்சம்தான், அதில் இந்த நான்கும் அடக்கம்.

நன்றாகத்தானே இருந்தது, ஏன் நின்றுபோனது?

ஒரு காரணம் இல்லை. தேர்ந்தெடுக்க முடியாமையும் இரண்டு மடங்கு விலையும் முதலிலிருந்தே இருந்தன. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் உலோகமும் எலெக்ட்ரானிக் சாமான்களும் ராணுவத்துக்குப் போயின, 1942-ல் புதுப் பெட்டி செய்வதே நின்றுவிட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. அந்தக் காலத்தில் கருவி இல்லாத வாய்ப்பாட்டுக் குழுக்களையும் சங்கத்தில் சேராதவர்களையும் பழைய படங்களையும் வைத்து ஒப்பேற்றினார்கள்.

போர் முடிந்ததும் டி.வி. வந்தது. பாரில் டி.வி. இருந்தால் குத்துச்சண்டையும் பேஸ்பாலும் சும்மாவே ஓடும், அதன் பக்கத்தில் 10 சென்ட் கேட்கும் பெட்டிக்கு என்ன வேலை? புதுப் படம் எடுப்பது 1947-க்குள் நின்றது. சில பெட்டிகளை ஒருவர் மட்டும் குனிந்து எட்டிப் பார்க்கும்படி மாற்றி, கேளிக்கைக் கடைகளில் ஆபாசத் துண்டுகள் ஓட்டினார்கள். படங்களின் உரிமையை ஆஃபீஷியல் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனி வாங்கி, வீட்டு புரொஜெக்டர்காரர்களுக்கும் டி.வி. நிலையங்களுக்கும் விற்றது. நமக்கு இத்தனை பிரதிகள் மிஞ்சியதற்கு அந்த விற்பனையும் ஒரு காரணம்.

பிரான்ஸில் வந்த கலர் பெட்டி வேறா?

வேறு. அது ஸ்கோபிடோன், 1960. செய்தது பாரிஸ் அருகே கூர்ப்வுவாவில் இருந்த கமேகா கம்பெனி (அணு அளவில் பொருட்களை ஆராயும் கருவிகளுக்காக இன்று ஆய்வகங்களில் பேர் பெற்ற அதே கமேகாதான்). அமெரிக்கர்கள் கோட்டைவிட்டதை இவர்கள் சரிசெய்தார்கள்: 36 படங்கள், வேண்டியதைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம், எல்லாம் கலர். ஜானி ஹாலிடே, ஃபிரான்ஸ்வாஸ் ஹார்டி, சில்வி வார்த்தான் என்று அன்றைய பிரெஞ்சு பாப் முழுக்க இதில் இருக்கிறது. இயக்குநர் க்ளோட் லெலூஷ் பேர் வாங்குவதற்கு முன்னால் இதற்காகப் பாட்டுப் படங்கள் எடுத்துக் கை பழகினார். இத்தாலியில் இதே மாதிரி சினிபாக்ஸ் இருந்தது.

ஸ்கோபிடோன் 1964-ல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பிகினிப் பெண்கள் காரணமே இல்லாமல் ஆடும் படங்களாக எடுத்துத் தள்ளினார்கள், ரசனைக் கேட்டின் அழகு பற்றி அதே வருஷம் எழுதிய பிரபலக் கட்டுரையில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இதையும் ஒரு உதாரணமாகச் சேர்த்தார். குற்றக் கும்பல்களின் பணம் இருக்கிறதா என்று 1966 வாக்கில் அரசு விசாரணையும் வர, அமெரிக்கக் கிளை சீக்கிரமே படுத்துவிட்டது.

ஆனால் பிரான்ஸில் ஒரு இடத்தில் மட்டும் இது 1970-களிலும் ஓடியது: அல்ஜீரியாவிலிருந்தும் மற்ற வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் கூடும் காபிக் கடைகளில். டி.வி.யில் அவர்கள் மொழிக்கு இடமில்லை. சாலா சதாவி, தஹ்மான் எல் ஹர்ராஷி போன்றவர்கள் அரபியிலும் அல்ஜீரியாவின் இன்னொரு மொழியான கபிலிலும் பாடிய படங்கள் அந்தக் கடைகளுக்கென்றே எடுக்கப்பட்டன. ஊரை விட்டு வந்த ஏக்கம், கப்பல், திரும்பிப் போகாத மகன், இவைதான் பாட்டு. பிரெஞ்சு பாப் படங்களை விட எனக்கு இவைதான் உசத்தி.

இந்தியத் தொடர்பு ஏதாவது?

ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. சவுண்டிஸ் போன பிறகு 1950-52 காலத்தில் இதே மூன்று நிமிட அளவில் டி.வி. நிலையங்களுக்காக ஸ்னேடர் டெலிஸ்கிரிப்ஷன்ஸ் என்ற படங்கள் எடுத்தார்கள். அதில் கோர்லா பண்டிட் என்று ஒருவர் வருவார். தலையில் தலைப்பாகை, நடுவில் ஒரு ரத்தினம், கேமராவை உற்றுப் பார்த்தபடியே ஆர்கன் வாசிப்பார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். டெல்லியில் பிறந்த பிராமணர் என்று சொல்லிக்கொண்டார். 1998-ல் இறந்த பிறகுதான், 2001-ல், ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை உண்மையை வெளியிட்டது: அவர் ஜான் ரோலண்ட் ரெட், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். கறுப்பராக இருந்தால் கிடைக்காத வாய்ப்பு இந்தியராக இருந்தால் கிடைத்த காலம். வாசிப்பு நிஜமாகவே நன்றாக இருக்கும்.

எம்.டி.வி.யின் தாத்தா இதுதானா?

அப்படிச் சொல்வது பேஷன். பாட்டு வீடியோக்களுக்கென்றே தொடங்கிய சேனலான எம்.டி.வி. 1981-ல் வந்தது, அதை ஆரம்பித்தவர்கள் பனோராமைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பாட்டு மூன்று நிமிடம், அதற்குப் படமும் மூன்று நிமிடம் என்ற அளவு தானாகவே மறுபடி மறுபடி வரும். சவுண்டிஸுக்கு முன்னால் 1920-களிலேயே தியேட்டர்களில் ஓடிய வைட்டாஃபோன் பேசும் குறும்படங்கள் இருந்தன. ஒட்டு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது?

அநேகப் படங்களின் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டதால் யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கொட்டிக் கிடக்கின்றன. தரமான பிரதி வேண்டுமென்றால் கினோ லோர்பர் 2023-ல் 200 படங்களைச் சேர்த்து வெளியிட்ட ப்ளூரே தொகுப்பு இருக்கிறது. முதலில் எலிங்டன், பிறகு வாலரின் நான்கு, அப்புறம் ரோசெட்டா தார்ப் என்ற வரிசையில் போகலாம்.

இணையத்தில் கிடைப்பதில் தலைப்பும் வருஷமும் தப்பாகப் போட்டிருப்பது சகஜம். சில பிரதிகள் இடவலம் மாறியும் இருக்கும், பெட்டிக்கென்று போட்ட பிரதியைச் சரிசெய்யாமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். எழுத்து எதுவும் தெரியாத படத்தில் இதைக் கண்டுபிடிக்க இசைக்காரர்களின் கையைப் பாருங்கள். ட்ரம்பெட்டின் வால்வுகளை எல்லோரும் இடது கையால் அழுத்துகிறார்கள், பியானோக்காரரின் வலது கை போகும் பக்கம் கட்டைக் குரல் வருகிறது என்றால் படம் திரும்பியிருக்கிறது. எந்த வீடியோ எடிட்டரிலும் ஒரு சொடுக்கில் திருப்பிவிடலாம்.